ஆறாம் வகுப்பின் வாசல்

என் மகள் ஐந்தாம் வகுப்பை முடித்த கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அடுத்து எந்தப் பள்ளிக்கூடம்?

அவள் அப்பாவுக்கு நாகர்கோவிலுக்கு வெளியே இருக்கும் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் சேர்க்க ஆசை. வாசலுக்கே வேன் வரும், பிள்ளை இங்கிலீஷ் பேசும். என் அம்மைக்கு, தானும் நானும் படித்த அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. "நீ படிச்ச பள்ளிக்கூடந்தானே பிள்ளே, நீ என்ன கெட்டா போயிட்ட?" என்று கேட்டார். மாமி சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஊரிலுள்ள அரசுப் பள்ளிதான். "ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல படிச்சாத்தான் டாக்டர் சீட்டுல ஒதுக்கீடு கிடைக்கும். பொறவு வருத்தப்படாதீங்க" என்றார். கல்லூரித் தோழி ஒருத்தி தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறாள். "நீயும் செய்யலாமே" என்று அவள் தன் பங்குக்குச் சொன்னாள்.

மாமி சொன்னது சரியான கணக்கு. 2020-இல் வந்த சட்டப்படி, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கு தொடங்குகிறது. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களை அந்தத் திட்டத்தில் சேர்க்க 2024 கடைசி வரை ஆனது. ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே பாடநூலைப் படிக்கும் இரண்டு பெண்களுக்கு நடுவே ஆறாம் வகுப்பு ஒரு கோடு போடுகிறது.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்தக் கோடு பழகியதுதான். என் அம்மாச்சி திருவிதாங்கூர் காலத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருடத்தில் வயதுக்கு வந்தார். புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, ரேந்தை பின்னும் தலையணையைக் கையில் கொடுத்தார்கள். ஊசிகளுக்கு நடுவே நூலுருளைகளை மாற்றி மாற்றிப் போட்டு அவர் பின்னுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவருடைய தம்பி படித்துக் கல்லூரிக்குப் போனார். அந்தச் செலவில் ரேந்தைக் காசும் இருந்தது என்பதை அம்மாச்சி பெருமையாகவே சொல்வார். எனக்குத்தான் அந்தக் கதை கேட்கும்போதெல்லாம் தொண்டையில் எதுவோ அடைக்கும்.

பள்ளியைத் தேடி நான் அலைந்த அந்த இரண்டு மாதத்தில், இந்த மண்ணில் பெண்கள் எப்படிப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தார்கள் என்ற வரலாற்றையும் கூடவே தேடினேன். வீடு, அரசு, தனியார் என்று இன்று நாம் பிரித்துப் பேசும் மூன்று வழிகளும் இருநூறு வருடம் முன்பே இங்கே இருந்திருக்கின்றன.

முதலில் வீடு. நாஞ்சில் நாட்டில் ஆசான் பள்ளிக்கூடங்கள் இருந்தன. மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலையில் எழுத்தாணி பிடித்து, எண்ணும் எழுத்தும் படிப்பார்கள். ஆசானுக்குக் கூலி நெல்லாகவும் போகும். நிலமும் சாதியும் உள்ள வீட்டு ஆண்பிள்ளைகளுக்கான ஏற்பாடு அது. அந்த வீடுகளின் பெண்களில் சிலர் உள்ளறையில், அப்பாவிடமோ மாமாவிடமோ கொஞ்சம் எழுத்து கற்றிருக்கலாம். வயதுக்கு வந்ததும் அதுவும் நின்றுவிடும். பின்னாளில், 1860-களில், அகஸ்டா பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயப் பெண்மணி திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உயர்சாதிப் பெண்களுக்குக் கற்பித்தார். பெண் வெளியே வர முடியாததால் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது. இங்கே தென் திருவிதாங்கூரிலும் மிஷனைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக் கல்வி என்ற சொல்லைக் கேட்டதும் இன்று பலருக்கும் சுதந்திரம் நினைவுக்கு வருகிறது. எனக்கு அந்த உள்ளறையின் கதவுதான் முதலில் தெரிகிறது.

அடுத்தது அரசு. 1817-இல் திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். நல்ல குடிமக்களும் நல்ல அலுவலர்களும் உருவாக வேண்டும் என்பது நோக்கம். அப்போது ராணிக்கு வயது பதினைந்துதான். ரெசிடெண்ட் கர்னல் மன்றோவின் செல்வாக்கு அந்த அரசில் எவ்வளவு இருந்தாலும், ஆணை ஒரு பெண்ணின் பெயரில் இருக்கிறது. ஆனால் அலுவலர்கள் என்றால் அன்று ஆண்கள்தான். சர்க்கார் பள்ளிக்கூடம் வந்தாலும் சாலையில் நடக்கவே உரிமையில்லாத சாதிகளின் பிள்ளைகள் அதன் வாசலுக்கு எப்படி வருவார்கள்? காகிதத்தில் எல்லோருக்குமாக இருந்த பள்ளியின் வாசல் மிகச் சிலருக்கே திறந்தது.

மூன்றாவது வழி மிஷன் பள்ளிகள். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார். மார்த்தா மால்ட் தன் கணவர் சார்லஸ் மால்ட்டோடு 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். அந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு வளர்ந்த பெண்கள் பள்ளிதான் இன்றைக்கு டதி பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பெண்களைப் படிக்க அனுப்பத் தயங்கிய ஊரில், தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளியாக அதை நடத்தினார்கள். சோறு, துணி, புத்தகம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். 1821-இல் மார்த்தா மால்ட் மாணவிகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக் கொடுத்தார். விற்ற காசில் பள்ளி நடந்தது. அடிமைச் சாதிகளில் பிறந்து அந்தப் பள்ளிக்கு வந்த பெண்கள் சிலர், ரேந்தையில் சம்பாதித்த பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே, தன் விரல்களால் தன்னையே விலைக்கு வாங்கிய பெண்களின் ஊர் இது.

இந்தக் கதையைச் சொல்லும்போது என் கூட்டத்தார் மிஷனரிகளுக்கு நன்றி சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு வேறு இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. மிஷனரி என்ற பதவியும் ஊதியமும் கணவருக்கு. பள்ளியை நடத்திய மனைவிக்குத் தனி ஊதியம் கிடையாது. படித்த மாணவிகளோ பாடத்தோடு வேலையும் செய்தார்கள். ஆண்பிள்ளைகளுக்காக நாகர்கோவிலில் தொடங்கிய செமினரிதான் வளர்ந்து 1893-இல் கல்லூரியாகி, இன்று ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி என்று நிற்கிறது. அங்கே படித்தவர்கள் வேதநாயகர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் ஆசிரியர்களாகவும் போனார்கள். பெண்களுக்கென்று நாகர்கோவிலில் ஹோலி கிராஸ் கல்லூரி வந்தது 1965-இல். இடையில் எழுபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பள்ளிக்குப் போன பெண்ணுக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. என்ன உடுத்திக்கொண்டு போவது? மிஷன் பெண்கள் தைத்துக் கொடுத்த குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு நாடார் பெண்கள் வெளியே வந்தபோது அடி விழுந்தது, துணி கிழிக்கப்பட்டது. 1822 முதல் 1859 வரை விட்டு விட்டு நடந்த தோள்சீலைப் போராட்டத்தில் ஆலயங்களோடு பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. சட்டை போட்ட பெண்ணும் புத்தகம் பிடித்த பெண்ணும் ஒரே பெண் என்பது எரித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1859 அறிவிப்பு நாடார் பெண்கள் மார்பை மறைக்க உரிமை கொடுத்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டு வந்தது.

தோள்சீலைக் கதையைச் சொல்லாத நாடார் வீடு இங்கே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தராத கதை பஞ்சமியுடையது. களியக்காவிளையைத் தாண்டினால் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஊரூட்டம்பலம். 1910-களில் அய்யங்காளி, பஞ்சமி என்ற புலையர் சாதிச் சிறுமியைக் கையைப் பிடித்து அந்த ஊர்ப் பள்ளிக்கு அழைத்துப் போனார். புலையர் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று அரசு ஆணை இருந்தது. இருந்தும் பள்ளியைக் கொளுத்தினார்கள். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று அய்யங்காளியின் மக்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். நூறு வருடம் கழித்துக் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியிருக்கிறது. அரசுப் பள்ளியின் வாசலைத் திறந்தது 1817-இன் ஆணை மட்டும் அல்ல. தரிசாகக் கிடந்த வயலும் எரிந்த பெஞ்சும் சேர்ந்துதான் அதைத் திறந்தன.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் திருவிதாங்கூர் அரசு தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு நிதி உதவி கொடுக்கத் தொடங்கியது. நிர்வாகம் சபையிடமோ சமுதாயத்திடமோ இருக்கும், செலவில் பங்கு அரசுடையது. அமெரிக்காவில் இதே யோசனைக்குச் 'சார்ட்டர் பள்ளி' என்று பெயர் வைத்து, 1991-இல் மின்னசோட்டா மாநிலத்தில் முதல் சட்டம் போட்டார்கள். அரசுப் பணத்தில் தனியார் பள்ளி நடத்தலாமா என்று அங்கே இன்றும் சண்டை நடக்கிறது. நமக்கு அது கொள்ளுப்பாட்டி காலத்து விஷயம். 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது இந்தப் பள்ளிகளும் கூடவே வந்தன. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் பெண் எழுத்தறிவு 89.90 விழுக்காடு. மாநிலத்தின் பெண் எழுத்தறிவு 73.44. இந்த இடைவெளியில் உதவி பெறும் பள்ளிகளின் பங்கு பெரிது. என் அம்மை அப்படி ஒரு பள்ளியில் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, அப்படியே ஒரு பள்ளியில் ஆசிரியராகி, அரசு ஓய்வூதியம் வாங்குகிறார். அம்மாச்சியின் ரேந்தைத் தலையணையிலிருந்து அம்மையின் ஓய்வூதியப் புத்தகம் வரை ஒரே தலைமுறைதான். அந்தத் தாவலுக்குப் பலகை போட்டது உதவி பெறும் பள்ளி.

ஆனால் அந்தப் பலகையில் யாருக்கு இடம் என்று நிர்வாகம் தீர்மானிக்கும். வேலைக்குச் சேர்ந்த ஆசிரியரிடம் "எவ்வளவு கொடுத்தே?" என்று ஊரில் சாதாரணமாகக் கேட்பார்கள். பெண்கள் படிக்கும் பள்ளியில் பெண்கள் பாடம் நடத்துவார்கள், பெண்கள் கூட்டுவார்கள். நிர்வாகக் கூட்டத்தின் புகைப்படத்தைப் பார்த்தால் வேட்டிகள்தான் வரிசையாக நிற்கும்.

இவ்வளவும் மண்டைக்குள் ஓட, பள்ளிகளைப் பார்க்கக் கிளம்பினேன். ஒரு தனியார் பள்ளியில் எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அம்மா வேலைக்குப் போறீங்களா? அப்போ ஹோம்வொர்க், ப்ராஜெக்ட் எல்லாம் யார் பார்த்துப்பாங்க?" கூட்டுறவு வங்கியில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். பக்கத்தில் இருந்த கணவரிடம் கேட்ட கேள்வி, கட்டணத்தை எத்தனை தவணையில் கட்டுவீர்கள் என்பது. ஆளுக்கொரு கட்டணம்! அவருடையதற்கு ரசீது உண்டு. என்னுடையதற்கு இல்லை.

தோழியின் வீட்டுக்கும் போனேன். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். சுசீந்திரம் குளத்துக்கு வரும் பறவைகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினான் மூத்தவன். பாடப்புத்தகத்தில் கிடைக்காத நிதானம் அவர்களிடம் இருந்தது. பொறாமையாகக்கூட இருந்தது. திருவனந்தபுரத்தில் ஐடி வேலை பார்த்தவள் அவள். வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. "நான்தான் டீச்சர், நான்தான் ஆயா, நான்தான் மணி அடிக்கிறவ" என்று சிரித்தாள். சுயமாகப் படித்தவர்கள் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். இருந்தும், வீட்டுக் கல்வியை வெளிப்படையாக ஏற்கும் சட்டமோ தடுக்கும் சட்டமோ இங்கே இல்லை. அந்தக் கவலையும் அவளுடையதுதான். வேலையை விடுவது யார் என்று அந்த வீட்டில் பேச்சு வந்ததா என்று கேட்டேன். "வரல்ல" என்றாள். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் 1821-இல் விடுதிச் சிறுமியின் விரல், அம்மாச்சியின் ரேந்தை, சம்பளமில்லாத மிஷனரி மனைவி, வேலையை விட்ட ஐடி பொறியாளர் என்று வரிசையாக வைத்துப் பார்த்தேன். இந்த மண்ணில் கல்வி எந்த வழியில் வந்தாலும் அதன் செலவில் ஒரு பங்கை ஒரு பெண் கணக்கில் வராமல் கட்டியிருக்கிறாள். அதனால் 'எந்தப் பள்ளி நல்ல பள்ளி' என்பதற்கு முன்னால் எனக்கு இரண்டு கேள்விகள் வந்தன. இதற்கு யார் கட்டுகிறார்கள்? அந்தப் பணத்துக்கும் உழைப்புக்கும் அவர்களுக்கு அங்கே பேச இடம் உண்டா?

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பேர் பெண்கள். உதவி பெறும் பள்ளியில் அந்தக் குழு ஆலோசனை சொல்வதோடு சரி. தனியார் பள்ளியில் அதுவும் கட்டாயம் இல்லை. அங்கே நான் வாடிக்கையாளர், உதவி பெறும் பள்ளியில் விருந்தாளி. அரசுப் பள்ளியில் மட்டும் சட்டம் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறது.

இதை எல்லாம் சொல்லி முடித்து, மகளிடம் கேட்டேன். அவளுக்கு ஒரே கேள்விதான். "பாத்ரூம்ல தண்ணி வருமா?" போன வருடம் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து மாலையில் வீட்டுக்கு ஓடி வந்தவள் அவள். அம்மாச்சியைப் பள்ளியிலிருந்து நிறுத்திய அதே வயது. நிறுத்துவதற்கு இப்போது யாரும் கதவைச் சாத்த வேண்டியதில்லை. தண்ணீர் வராத குழாய் போதும்.

ஊரிலுள்ள அரசுப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தோம். வகுப்பறை விசாலம். கணக்கு ஆசிரியை கெட்டிக்காரர். ஆங்கில ஆசிரியர் இடம் காலி. பெண்கள் கழிப்பறைக் குழாயில் காற்றுதான் வந்தது. தலைமையாசிரியை மறைக்கவில்லை. "மோட்டார் ரிப்பேர். எழுதிப் போட்டிருக்கோம். குழுக் கூட்டத்துக்கு அம்மமார் வந்தா நல்லா இருக்கும்" என்றார்.

அங்கேதான் சேர்த்தோம். அம்மைக்கு வருத்தம், இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவர் சம்மதித்தார். ஆனால் கூட்டத்துக்குப் போவது என் வேலை என்று நினைத்தவரை, முறை வைத்து நீங்களும்தான் என்று சொல்லியாயிற்று. ஆங்கிலத்தை வாரம் இரண்டு நாள் அவர்தான் வீட்டில் சொல்லிக் கொடுக்கிறார். சேர்த்தது சரிதானா என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆங்கில ஆசிரியர் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு வேன் காலையில் ஹாரன் அடிக்கும்போது ஒரு நொடி வயிற்றைப் பிசையும்.

இரண்டாவது மாதக் கூட்டத்தில் நாங்கள் பதினோரு பேர் வந்திருந்தோம், ஒன்பது பேர் பெண்கள். ஒருவர் முந்திரி ஆலையில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். மோட்டார்தான் முதல் பொருள். தீர்மானத்தை எழுதி, நோட்டைச் சுற்றுக்கு விட்டு, எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். மூன்று வாரம் நடையாய் நடந்தோம்.

ஒரு நாள் மாலை மகள் பையை வீசிவிட்டு, காலித் தண்ணீர்ப் பாட்டிலை என் முன்னால் ஆட்டிக் காட்டினாள். பள்ளியிலேயே முழுவதையும் குடித்திருந்தாள்.